பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான். மனசு முடிவு செய்திருக்கும், வீட்டில் சொல்லியிருப்பார்கள், நிறம்கூடப் பிடித்துப் போயிருக்கும். யாராவது வந்து 'நல்லா இருக்குதுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலையில் போன் வரும். கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்துத் தொடங்கி, பிறகு ஸ்கேனர் பிடித்து, இப்போது அடுத்தவர் வாங்கப் போகிற வண்டியைப் பார்த்துச் சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக வருவதெல்லாம் பெரிய வண்டிகள்: டிஃபெண்டர், ரேஞ்ச் ரோவர், லேண்ட் க்ரூசர், ஜி-வேகன், வோல்வோ எக்ஸ்சி90. புதிதாக எடுத்தால் கோடியைத் தொடுகிற, சிலது கோடிகளைத் தாண்டுகிற சமாச்சாரம். செகண்ட்ஸில் விலை இறங்கியதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருக்கும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரருக்கும் ஆசை வருகிறது. வரட்டும், தப்பில்லை.

அவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றேதான். "எந்த மலையும் ஏறுமுங்களாண்ணா?"

நான் திருப்பிக் கேட்பது வேறு. பின்னாடி யார் உட்காருவாங்க? கடைசி வரிசையில் யாரு? அம்மாவுக்கு முழங்கால் எப்படி? குழந்தைக்கு எத்தனை வயசு? வருசத்துல எத்தனை தடவை தார் ரோட்டை விட்டு இறங்குவீங்க? வண்டி பார்க்க வந்தவன் குடும்பக் கதை கேட்கிறானே என்று சிலருக்குச் சங்கடம். ஆனால் இந்தப் பதில்கள் இல்லாமல் எந்த எஸ்யூவியையும் நல்லது, கெட்டது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

மலை ஏறுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டு ரோட்டிலும் சாதாரண ஹேட்ச்பேக் ஏறுகிறது, அரசு பஸ் தினம் ஏறுகிறது. இருநூறு, முந்நூறு குதிரைத்திறன் உள்ள வண்டிக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. இறக்கம்தான் விஷயம். லேண்ட் க்ரூசர் 300 வெறும் வண்டியாகவே இரண்டரை டன் பக்கம் இருக்கும். ஆட்கள், பெட்டிகள், டிக்கியில் ஒரு சாக்கு பலாப்பழம் என்று ஏற்றினால் மூன்று டன்னை நெருங்கிவிடும். அந்த எடையை 'டி'யில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே நாற்பது வளைவு இறக்கினால், பாதி வழியில் கருகிய வாசம் வரும். பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். டிஸ்க் சூடாகி பிடிப்பு குறைவதுதான் அது. வண்டி புதுசா பழசா என்று அது பார்க்காது.

அதனால் பெரிய எஸ்யூவியை ஓட்டிப் பார்க்க மாங்கரை தாண்டி ஆனைகட்டி ரோட்டுக்குக் கொண்டு போவேன். ஏறும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம். திரும்பும்போதுதான் பரீட்சை. கியரைக் கையால் இரண்டுக்குக் குறைத்தால் வண்டி பிடித்து நிற்கிறதா, அல்லது கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மூன்றுக்கு மாற்றிவிடுகிறதா? பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, முந்தைய ஓனர் மலையில் பிரேக்கிலேயே இறங்குகிறவர். ஒரு வண்டியின் பழைய டிரைவர் எப்படிப்பட்டவர் என்று ஆர்.சி. புக் சொல்லாது. பிரேக் சொல்லிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 'இறக்கத்துக்குத்தான் ஹில் டிசென்ட் பட்டன் இருக்குதே' என்பார்கள். 1997-ல் லேண்ட் ரோவர் ஃப்ரீலாண்டரில் முதலில் வந்த வசதி அது. சேறு, சரளை, ஈரப் புல் என்று சக்கரம் வழுக்குகிற செங்குத்துச் சரிவில், நடக்கிற வேகத்துக்கு வண்டியைத் தானாகப் பிரேக் பிடித்து இறக்கும். எஸ்டேட் ரோட்டில் அருமையான துணை. தார் போட்ட மலைப்பாதையில் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவது அதற்கான வேலை இல்லை. அங்கே கியர்தான் பிரேக்.

அடுத்து வருவது சேஸிஸ் பஞ்சாயத்து. 'சேஸிஸ் வண்டிதான் சேஃப்டி, மத்ததெல்லாம் டப்பா' என்று கொங்கு நாட்டில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். ஏணி போன்ற இரும்புச் சட்டகத்தின் மேல் உடலைத் தனியாகப் பூட்டுவது ஒரு முறை. லேண்ட் க்ரூசர், ஃபார்ச்சூனர், ஜி-வேகன் எல்லாம் அந்தக் கட்டு. உடலும் சட்டகமும் ஒன்றாகவே கட்டப்பட்ட மோனோகாக் இன்னொரு முறை. 2019-ல் வெளிவந்த புது டிஃபெண்டர் அந்த வகை. அது வந்தபோது 'சேஸிஸ் போயிருச்சு, டிஃபெண்டரும் போயிருச்சு' என்று ஒப்பாரி வைத்தவர்களை எனக்குத் தெரியும். யூரோ என்கேப் மோதல் சோதனையில் சட்டக வண்டியான ஜி-வேகன், அதாவது ஜி-கிளாஸ், 2019-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மோனோகாக் டிஃபெண்டர் 2020-ல் அதே ஐந்தை வாங்கியது. ஆகவே கட்டு எது என்பதை வைத்துக் குடும்பத்தின் பாதுகாப்பை முடிவு செய்ய முடியாது. பாரம் இழுக்க, வருஷக்கணக்கில் கல் ரோட்டில் அடிபட, பிறகு எளிதாக ரிப்பேர் பார்க்க என்றால் சட்டகம் மேல். தார் ரோட்டில் நூறில் போகும்போது திடீரென்று நாய் குறுக்கே வந்து ஒடித்துத் திருப்ப வேண்டியிருந்தால் மோனோகாக் மேல். உங்களுக்கு எது அதிகம் நேரும் என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

கெட்டியாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்குப் பழைய டிஃபெண்டரே சாட்சி. 1948-ல் தொடங்கிய லேண்ட் ரோவர் வம்சத்தின் நேர் வாரிசு அது. 2016 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை ஒரு ஏர்பேக்கூட அதில் கிடையாது. பாலைவனம் தாண்டும், ஆறு தாண்டும். ஆனால் எதிரே லாரி வந்தால் அதன் கெட்டித்தனம் மோதலின் வேகத்தை அப்படியே உள்ளே இருப்பவர் நெஞ்சுக்குக் கடத்தும். இன்றைய வண்டியின் முன்பக்கம் நசுங்குவதைப் பார்த்து 'தகரம்' என்று கேலி செய்கிறோம். அது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அந்த நசுங்கலுக்கு ஆகிற கண நேரம்தான் பெல்ட்டும் ஏர்பேக்கும் வேலை செய்யக் கிடைக்கிற அவகாசம்.

இது புரிந்தால் முன்னால் பூட்டுகிற கிராஷ் கார்டு எவ்வளவு கெடுதல் என்பதும் புரியும். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இருந்தும் ஒரு கோடி ரூபாய் வண்டியில் வெல்டிங் பட்டறைக் குழாயைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். மோதலின் வேகம் அந்தக் குழாய் வழியாக நேரே சட்டகத்துக்குப் போய்விடும். ஏர்பேக்கை எப்போது விரிப்பது என்று கணக்குப் போடும் சென்சாருக்குக் கணக்கு தப்பும். பூட்டிய வண்டி பார்க்க வந்தால், முதலில் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் பேச்சு.

இப்போது பின் சீட்டுக்கு வருவோம். நான் வண்டிக்குள் ஏறினால் முதலில் உட்காருவது கடைசி வரிசையில். விற்கிறவர் வேடிக்கையாகப் பார்ப்பார். ஏழு பேர் வண்டி என்று விற்கப்படும் பலவற்றில், கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் இருக்காது. பின்னாலிருந்து லாரி இடித்தால் நசுங்க வேண்டிய இடமே அதுதான். அங்கேதான் குழந்தைகளைப் போடுகிறோம்! பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அந்த வரிசைவரை நீள்கிறதா? தலை தாங்கி உயர்கிறதா? பெல்ட் மூன்று புள்ளியா, இடுப்புக்கு மட்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் விளம்பரத்தில் இருக்காது. வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும், அதை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். டிஃபெண்டர் 130-ல் எட்டுப் பேர் உட்காரலாம் என்பது உண்மை. எட்டாவது ஆள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மூன்று புள்ளி பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பாதுகாப்புக் கருவிகள் இந்தப் பட்டையை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டன. ஏர்பேக் உட்பட. நம் ஊரில் முன் சீட்டில் போலீஸுக்காகப் போடுகிறோம், பின் சீட்டில் போடுவதே இல்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாட்டா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அது விலையுயர்ந்த, நல்ல பெயருள்ள வண்டி. முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் கூறினார்கள். இருவருமே இறந்தார்கள். இதற்குப் பிறகும் நான் பார்க்கிற வண்டிகளில், எச்சரிக்கைச் சத்தத்தை அடக்க பெல்ட் கொக்கியில் சொருகும் பொய் கிளிப் கிடைக்கிறது. பிள்ளைகளுக்காகத்தான் பெரிய வண்டி என்று சொன்ன மனிதரின் வண்டியிலேயே கிடைத்தது. பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். வாங்கி ஜன்னல் வழியே எறிந்தார், அது அவருடைய பெருந்தன்மை.

குழந்தை சீட்டைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது பாசம்தான். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சட்டென்று நின்றால் பத்துக் கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையும் பிடித்து வைக்க முடியாது. ஐசோஃபிக்ஸ் என்ற இரும்புக் கொக்கி இரண்டாவது வரிசையின் சீட்டு மடிப்புக்குள் இருக்கும். விரலை விட்டுத் தேடினால் தட்டுப்படும். சில வண்டிகளில் அழகான லெதர் சீட் கவர் தைத்து அதையே மூடியிருப்பார்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளிருந்து விரிகிற வண்டியில் அந்த சீட் கவர் ஏர்பேக்கையும் அடைத்துவிடும். இரண்டு குழந்தை சீட் போட்ட பிறகு நடுவில் பாட்டி உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தால்தான், இரண்டு மீட்டர் அகல வண்டியின் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

பாட்டி என்றதும் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி வீட்டு அம்மா நினைவுக்கு வருகிறார். மகனும் மருமகளும் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக அம்மாவை ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் வண்டியின் உயரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் தம்பி, ஏர்றதுக்கு ஏணியும் இவங்களே குடுப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி தானாகத் தாழ்ந்து கொடுக்கும். அதைச் செய்து காட்டினேன். அப்போதும் அவர் கால் எட்டவில்லை. அன்றைக்கு அந்த வண்டி வாங்கப்படவில்லை. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிகம் போகிறவர் அவர்தான் என்பதால் அது சரியான முடிவு. ஏர் சஸ்பென்ஷனைப் பற்றி இன்னொன்று: செகண்ட்ஸில் பார்க்கப் போனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பாருங்கள். ஒரு மூலை மட்டும் படுத்திருந்தால் காற்றுப் பை கசிகிறது. ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் சரியாகிவிடும் என்பதால்தான் விற்கிறவர் நாம் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார். போனதும் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன்.

பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்ப்பது இன்னொரு பழக்கம். அதில் வண்டியின் ஜாதகமே இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், மூழ்கிய வண்டிகள் எங்கே போயின என்று யோசித்திருக்கிறீர்களா? காப்பீட்டு நிறுவனங்கள் முழு நஷ்டம் என்று தீர்த்துவிட்டு ஏலத்தில் விடும். ஏலம் எடுத்தவர் கழுவி, காயவைத்து, பாலிஷ் போட்டு வேறு ஊரில் விற்பார். ஒரு தடவை எனக்குக் காட்டப்பட்டது ஏழு சீட் டீசல் இறக்குமதி வண்டி. பெயர் வேண்டாம், வண்டியின் மேல் குற்றமில்லை. லெதர் பளபளத்தது, உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தது. அந்த வாசனையே எனக்குச் சந்தேகம். நடு வரிசை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சுருளுக்குள் இருந்த கடைசி முழத்தில் வெளிறிய பழுப்புக் கோடு. சீட்டைக் கழற்றச் சம்மதம் வாங்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் மாவு போன்ற வண்டல். சீட் நட்டெல்லாம் துரு. இப்படிப்பட்ட வண்டிகளில் கண்ட்ரோல் யூனிட்டுகள் பல சீட்டுக்கடியிலேயே இருக்கின்றன. அவற்றின் கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. ஓடும், ஆறு மாதம்கூட நன்றாக ஓடும். எந்த நாளில் ஏர்பேக் கம்ப்யூட்டர் தூங்கிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏர்பேக் விஷயத்தில் இன்னும் மோசமான திருட்டு உண்டு. விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்ற லட்சங்கள் ஆகும். அதற்குப் பதில் சில ரூபாய் ரெசிஸ்டரைச் செருகினால் எல்லாம் சரியாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும், எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும். சாவி போட்டதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கெட்ட சகுனம். டாஷ்போர்டின் தையல், ஸ்டியரிங் நடு மூடியின் நிறம், பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் உள்ள தயாரிப்புத் தேதி, இவை வண்டியின் வயசோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். பெயின்ட் மீட்டரை வைத்தால் கம்பெனி பெயின்ட் நூறு, நூற்றைம்பது மைக்ரான் காட்டும். ஐந்நூறு, ஆயிரம் காட்டினால் அடியில் பட்டி. ஸ்கேனரில் பழுது ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் சந்தோஷப்பட மாட்டேன். நேற்று ராத்திரி அழித்திருந்தால் வண்டியின் உள் சோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் பற்றிப் பேசும்போது இதையும் சொல்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் உள்ள டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும் என்கிறது கம்பெனி. ஜி-கிளாஸுக்கு 700. இந்த எண்களைச் சொல்லித்தான் வண்டியே விற்கிறது. நிற்கிற தண்ணீரில், அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த இடத்தில், மெதுவாகப் போகும்போது மட்டும் செல்லுபடியாகும் எண் அது. ஓடுகிற தண்ணீரில் ஆழம் அதில் பாதி இருந்தாலே பக்கவாட்டுத் தள்ளல் வண்டியை நகர்த்திவிடும். பெரிய வண்டி பெரிய பலகை மாதிரி வாங்கிக்கொள்ளும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் எந்த வண்டியானாலும் திரும்பிவிடுவது நல்லது. தண்ணீரில் நின்றுபோன இன்ஜினைத் திரும்ப செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கையிலிருந்துதான்.

ஃபோர் வீல் டிரைவ் விஷயத்தில் ஒரு வேறுபாடு மட்டும் தெரிந்தால் போதும். ஃபார்ச்சூனரில் உள்ளது தேவைப்படும்போது மட்டும் போடுகிற வகை. காய்ந்த தாரில் அதைப் போட்டு வளைந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கடகடவென்று முறுக்கும். சேற்றுக்கு நல்லது, மழை பெய்கிற ஹைவேக்கு உதவாது. 1970-ல் ரேஞ்ச் ரோவர் நடு டிஃபரன்ஷியலோடு எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற முறையைச் சொகுசு வண்டிக்குக் கொண்டுவந்தது. டிஃபெண்டர், லேண்ட் க்ரூசர் 300, ஜி-வேகன் எல்லாம் அந்த வழி. குடும்பத்துக்கு இதுதான் மேல், ஏனென்றால் டிரைவர் ஞாபகமாக எதையும் போட வேண்டியதில்லை. எக்ஸ்சி90-ல் நான்கு சக்கர இழுவை உண்டு, வேகம் குறைத்து இழுவை கூட்டுகிற ஃபோர் லோ கியர் கிடையாது. எஸ்டேட் சரிவுக்கு ஃபோர் லோ வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் தார் ரோட்டுக்கு வேண்டியதில்லை. ஃபோர் லோவுக்காகக் கூடுதல் காசு கொடுத்தவர்களில் பலருடைய வண்டியில் அந்தப் பட்டனை முதலில் அழுத்தியவன் நானாகத்தான் இருப்பேன். நெஜமான காட்டு ரோடு வேண்டுமென்றால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறிப் பாருங்கள். அங்கே உள்ளூர் ஜீப்தான். ஏர்பேக்கும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. எல்லாம் டிரைவர் கை.

டயரில் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஷோரூம்காரர்கள் 21, 22 இஞ்ச் ரிம்மைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். ரிம் பெருத்தால் ரப்பர் மெலியும். நம் ஊர்ப் பள்ளத்தில் ஒரு அடி விழுந்தால் ரிம் வளையும், டயரின் பக்கம் பிதுங்கும். டிஃபெண்டருக்கு 18 இஞ்ச் ரிம்மில் 255/70 டயர் வரும், அது முரட்டு வேலைக்கு எவ்வளவோ மேல். அழகு குறைகிறது என்று மனைவி சொன்னால் பேசிப் பாருங்கள். டயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் வயசான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. நான்கும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். ஸ்டெப்னி முழு அளவா, ஒல்லி டயரா, அல்லது வெறும் பஞ்சர் கிட்டா என்பதை டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். சிலருக்கு அது தெரிய வருவது நடு ராத்திரியில், குழந்தை அழுகிற நேரத்தில்.

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு 28-ம் அதன் மேல் செஸ்ஸுமாக இருந்தது. பழைய சொகுசு வண்டியின் விலை சரியும், அதன் உதிரி பாகத்தின் விலை சரியாது. இரண்டரைக் கோடி வண்டி அறுபது லட்சத்துக்கு வந்தாலும் அதன் காற்றுப் பை இரண்டரைக் கோடி வண்டியின் காற்றுப் பைதான். நகரத்துக்குள்ளேயே ஐந்து, பத்துக் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் பிஎஸ்6 டீசலைத் தொடாமல் இருப்பது நல்லது. சூடாகாத புகைக் குழாயில் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும். அடுக்கு மாடிக்காரர்கள் டேப் எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்குப் போகட்டும். டிஃபெண்டர் 110 கண்ணாடிகளை விட்டே இரண்டு மீட்டர் அகலம், கிட்டத்தட்ட அதே உயரம். இயந்திரத்தில் ஏற்றி அடுக்கும் பார்க்கிங் என்றால் பலகையில் எழுதிய எடையையும் படியுங்கள்.

எது வாங்கலாம் என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான். வருஷம் முழுக்க எஸ்டேட்டிலும் தோட்டத்திலும் போய் வருகிற, பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிற குடும்பம், வசதி இருந்தால் லேண்ட் க்ரூசரை எடுக்கட்டும். ஹைவேயும் மலையும் பாதிப் பாதி, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் என்றால் டிஃபெண்டர் 110, சின்ன ரிம்மோடு. சிறு குழந்தைகளோடு பெரும்பாலும் தாரில் போகிறவர்களுக்கு எக்ஸ்சி90 போதும், அதற்கு மேல் கொடுக்கிற காசு கௌரவத்துக்கு. ஜி-வேகன் வாங்குகிறவர்கள் என்னைக் கேட்டு வாங்குவதில்லை. வாரண்டி முடிந்த பத்து வயது பெரிய பெயரா, அதே விலைக்குப் புது ஃபார்ச்சூனரா என்று தயங்குகிறவர்களிடம் ஃபார்ச்சூனர் என்றுதான் சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது வீட்டிலிருந்து எல்லாரையும் கூட்டிப் போங்கள். அம்மாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போய்ப் பூட்டிப் பாருங்கள், கடைசி வரிசையில் நீங்களே உட்கார்ந்து அரை மணி நேரம் வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள், பெல்ட் எல்லாவற்றையும் முழுசாக இழுத்துப் பாருங்கள். இதையெல்லாம் செய்ய விடாத ஆளிடம் வண்டி வாங்காதீர்கள்.